கிணற்றுக்குள் இறக்கிய மெழுகுவர்த்தி

மேடம், முந்தாநாள் நீங்கள் இன்ஸ்பெக்டரோடு வந்தபோது என் உதட்டைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதையெல்லாம் அந்த நினைப்பிலேயே படிப்பீர்கள். அவர் அடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பெஸ்கி அடிக்கிற ஆள் இல்லை. கையை வீசினார், நான் எதிரே நின்றேன், பட்டுவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படித்தான்.

என்னைத் தெரிகிறதா? பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் ஏழு வீடு, ஏழு வீட்டுக்கும் ஒரே கிணறு. அதில் இரண்டாவது வீடு. நீங்கள் முதல் தடவை வந்து சோதனைக்குக் கிணற்றில் தண்ணீர் எடுத்தபோது இடுப்பில் பிள்ளையோடு நின்று பாட்டில்களைப் பிடித்துக்கொடுத்தேனே, அந்த ஜெசிந்தா. லேபிளில் தேதி எழுதச் சொன்னீர்கள். எழுதியதைப் பார்த்து, ‘டீச்சரா?’ என்றீர்கள். இல்லை மேடம். கான்வென்ட்டில் பிளஸ் டூ வரைக்கும். அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையில் ஜேசிபி வருகிறது. கிணற்றில் மண்ணைத் தள்ளி மூடப்போகிறார்கள். ‘இனி ஒரு உயிர் போகக்கூடாது’ என்று சொல்லி, பங்க் முதலாளியே ஏற்பாடு செய்திருக்கிறார். சந்தில் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். மூடிவிட்டால் நீங்கள் திரும்பி வந்து எதைச் சோதிப்பீர்கள்? கசிவு இல்லை என்றுதானே ரெஜிஸ்டர் சொல்கிறது. முந்தாநாள் அந்த ரெஜிஸ்டரை நீங்கள் புரட்டிப் பார்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ‘அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை’ என்றீர்கள். எனக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

அது என் கையெழுத்து மேடம்.

பெஸ்கி வேலை பார்ப்பது அந்தப் பங்க்கில்தான். எட்டாவதோடு நின்றவர். நம்பர் எழுதினால் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் பங்க்கைத் திறந்ததும் தரைக்கடியில் இருக்கிற டேங்க்குக்குள் கம்பியை விட்டு எத்தனை சென்டிமீட்டர் பெட்ரோல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ராத்திரி பூட்டும்போது இன்னொரு தடவை. பார்த்ததும் எனக்கு போன் செய்து நம்பரைச் சொல்வார். சமையல்கட்டில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் குறித்துக்கொள்வேன். மறுநாள் சாயங்காலம் ரெஜிஸ்டரைக் கொண்டுவருவார். பார்த்து அழகாக ஏற்றிக் கொடுப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் என் வேலை. முதலாளிகூட ஒரு தடவை, ‘உன் சம்சாரத்துக்குத்தான்டா நான் சம்பளம் குடுக்கணும்’ என்று சொல்லியிருக்கிறார்.

தை மாதத்தில் ஒருநாள் ராத்திரி நூற்று நாற்பத்திரண்டு. காலையில் நூற்று நாற்பத்தொன்று. ராத்திரி பங்க் பூட்டித்தானே இருக்கிறது, யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். ‘பனிக்குச் சுருங்கும்டி’ என்றார். மறுநாளும் சுருங்கியது. மாசியிலும் சுருங்கியது. சில நாள் அரை, சில நாள் ஒன்று. பிறகு முதலாளி சொல்லிவிட்டார் என்று வந்து சொன்னார்: ராத்திரி என்ன நம்பரோ காலையிலும் அதே நம்பரை எழுது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். டேங்க்கைத் தோண்டினால் மாசக்கணக்கில் பங்க்கை மூடணும், திருவிழா முடியட்டும் என்றாராம். நான் எழுதினேன். ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைத்தேன். ஒரு சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட தொண்ணூறு லிட்டர் என்று நீங்கள் அன்றைக்கு யாரிடமோ சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

காலண்டரில் மட்டும் சரியான நம்பரையே குறித்து வந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கை பழகிவிட்டது.

தண்ணீர் வாடை முதலில் எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. பெஸ்கியின் சட்டை, பெஸ்கியின் தலை, தலையணை எல்லாமே அந்த வாடைதான். காளீஸ்வரி அக்காதான் முதலில் சொன்னாள். எதிர்வீடு. கிணற்றடியில் வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏன்டி ஜெசி, ஒம் புருசன் யூனிபாரத்த உள்ள எறங்கி நின்னு அலசுறியா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“வாடை அடிச்சா என்னக்கா, காய்ச்சிக் குடிங்க” என்றேன்.

“ஆமா, கான்வென்ட்டு அம்மா சொல்லிட்டா. எல்லாரும் காய்ச்சுங்கடி.”

காய்ச்சினார்கள் மேடம். நான் சொன்னேன் என்றுதான் காய்ச்சினார்கள். கான்வென்ட்டில் லெயோனார்டா சிஸ்டர் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எந்தத் தண்ணீராக இருந்தாலும் பத்து நிமிஷம் கொதிக்க வேண்டும் என்று.

பங்குனியில் ஒருநாள் பாப்பாவுக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். பாப்பா என்றால் ஜெனிட்டா, வருகிற ஐப்பசியில் இரண்டு வயது முடிகிறது. தட்டைத் தூக்கினேன். அடுப்பு நெருப்பு பாத்திரத்தின் விளிம்பில் ஏறி, நீலமாக ஒரு சுற்று ஓடி, அணைந்துவிட்டது. கையில் முடியெல்லாம் பொசுங்கிவிட்டது. பெஸ்கியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “கேஸ் டியூப் பழசு. மாத்திரலாம்” என்றார். அன்றைக்கே மாற்றினார். புது டியூப் போட்ட பிறகும் இரண்டு தடவை அதே மாதிரி ஓடியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பாப்பாவுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கினோம். பாப்பாவுக்கு மட்டும்தான். நாங்கள் இருவரும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம், அதனால் ஒளித்தோம் என்று சொல்ல முடியாது. கேனை உள்ளறையில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்தது முன்பக்கம் இடம் இல்லாததால்.

வைகாசியில் வாடை தாங்க முடியவில்லை. காளீஸ்வரி அக்காவுக்கு விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்தது. கிணற்றடியில் எல்லோரும் கூடினார்கள். ஏதோ செத்துக் கிடக்கிறது என்றார் ஒருவர். சேறு அழுகிவிட்டது என்றார் இன்னொருவர். பெஸ்கிதான், “தூர் வாரிட்டாச் சரியாப் போகும். முதலாளிகிட்ட நான் பேசுறேன்” என்றார். முதலாளி சரி என்றதோடு, வேலை முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி என்றும் சொல்லி அனுப்பினார். எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள்.

காளீஸ்வரி அக்கா வீட்டுக்காரர் சோணைமுத்து அண்ணன். கிணற்றில் இறங்கித் தூர் வாருவதுதான் அவர் தொழில். அவர் மட்டும் மூக்கைச் சுளித்தார்.

“தம்பி, நூறு கெணறு எறங்கியிருக்கேன். இது சேத்து வாடை இல்லப்பா.”

“பழைய கெணறுண்ணே. அப்படித்தான் இருக்கும்” என்றார் பெஸ்கி.

“பங்க்ல இருந்து வருதோ?”

“எங்க டேங்க்ல ஒரு சொட்டுக் கொறையல. வேணும்னா ரெஜிஸ்டரப் பாருங்க. ஏன் ஜெசி?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று வாயால் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தபோது மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். பெஸ்கி டியூட்டிக்குக் கிளம்பும்போது, “பாப்பாவைக் கெணத்துப் பக்கம் கொண்டுபோகாத” என்றார். கூட்டமாக இருக்குமே, அதனால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எந்த அப்பாவும் சொல்வதுதானே அது?

சோணைமுத்து அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கிணறானாலும் முதலில் விளக்கு இறங்கும், பிறகுதான் அவர். அவருடைய சித்தப்பா ஒரு தோட்டத்துக் கிணற்றில் கெட்ட காற்றில் மூச்சு முட்டிச் செத்துப்போனவர். அன்றிலிருந்து வாளிக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்துக் கயிற்றில் இறக்குவார். அடிவரைக்கும் அணையாமல் எரிந்தால் காற்று நல்ல காற்று, ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக்கூடாது. அதுதான் அவர் கணக்கு. அன்றைக்கு அகல் விளக்கை ஏற்றினார். வாளிக்குள் வைப்பதற்கு முன்னாலேயே காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது.

“தங்கச்சி, ஒங்க வீட்ல தடியா மெழுகுவர்த்தி இருக்குமே, ஒண்ணு குடு” என்றார்.

“பாருங்கடி, நம்ம சாமி கைவிட்டுருச்சுன்னு மாதாவக் கூப்புடுறாரு” என்றாள் அக்கா. “எறங்குறதுக்கு முன்னால முட்டிபோட்டுச் சொல்லிருங்க, மாதா வேதத்துல சேந்துட்டேன்னு.”

“ஒன்னோட குடும்பம் நடத்துறேன்ல, எனக்கு எல்லாச் சாமியும் வேணும்” என்றார் அண்ணன்.

அதுதான் அவர்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சிரித்துப் பேசிக்கொண்டது.

பிப்ரவரியில் எங்கள் கோயிலில் மெழுகுவர்த்தி மந்திரித்துக் கொடுப்பார்கள். இடி மின்னல், பேய் மழை என்றால் ஏற்றி வைக்க வேண்டும். பீடத்தில் இருந்த அந்த மெழுகுவர்த்தியை எடுத்தேன். தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. லைட்டரால் அடுப்பைப் பற்றவைத்து, அதில் ஏற்றினேன். ஏற்றும்போது நின்றேன் மேடம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அடுப்பில் அந்த நீலம் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் வெளியே, “தங்கச்சீ” என்றார். கேட்டவருக்குக் கொடுப்பது உதவிதானே. கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பாப்பா ஞாபகம் வந்து வீட்டுக்குள் வந்துவிட்டேன். கதவைச் சாத்தினேனா? சாத்தினேன் என்று காளீஸ்வரி அக்கா சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

முதலில் சத்தம் வரவில்லை, வெளிச்சம் வந்தது. கதவிடுக்கில், ஜன்னல் இடுக்கில், ஓட்டு இடுக்கில். பிறகுதான் சத்தம். பீடத்திலிருந்த மாதா சுரூபம் விழுந்து உடைந்தது. பாப்பா அழவில்லை, வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

நான் வெளியே வந்தபோது கிணற்றிலிருந்து தென்னை மரம் உயரத்துக்கு நெருப்பு நின்றது. சோணைமுத்து அண்ணன் நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் கையில் கயிறு இருந்தது. வாளி இல்லை, கயிறு மட்டும். விடவே இல்லை. முடி இல்லை, புருவம் இல்லை. சட்டை என்று நினைத்தேன், சட்டை இல்லை, அது தோல். “தண்ணி” என்றார். அக்கா ஓடிவந்து வாசலில் இருந்த குடத்தைத் தூக்கி அவர் மேல் ஊற்றினாள். எந்தத் தண்ணீர் என்று உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். மூன்று நாளும் நினைவு இருந்ததாம். “வெளக்கு அணையலயே, அணையலயே” என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் கணக்கில் அவர் இறங்கியிருக்கலாம் மேடம். விளக்கு அணையவில்லை.

அடக்கம் முடிந்து வந்த கூட்டம் நேராக பங்க்குக்குப் போனது. கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. பெஸ்கியை ஆபீஸ் ரூமிலிருந்து காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பம்பில் தொங்குகிற குழாயாலேயே அடித்தார்கள். தலையில் ஏழு தையல். ஒருவன், “ஊத்திக் கொளுத்துங்கடா இவன” என்று கத்தினான். இன்னொருவன் நிஜமாகவே பம்பைத் தூக்கிவிட்டான். நான் பாப்பாவோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது யார் வந்தது தெரியுமா? காளீஸ்வரி அக்கா. அன்றைக்குத்தான் தாலி அறுத்தவள். தலைவிரி கோலமாக வந்து பெஸ்கி மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள்.

“சம்பளத்துக்கு நிக்கிறவன்டா இவன்! இவன் என்னடா செஞ்சான்? இவன் பொண்டாட்டி முகத்தப் பாருங்கடா!”

அவள் முதுகிலும் இரண்டு அடி விழுந்தது. பிறகு விட்டுவிட்டார்கள். நான் அவளுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். கேஸ் இருக்கிறதா என்று பார்க்கிற கருவியைக் கிணற்றுப் பக்கம் கொண்டுபோனதும் அது கத்திய கத்தில் சந்தே வெளியே வந்தது. பாட்டில்களை ஐஸ் பெட்டியில் அடுக்கினீர்கள். ஜீப்பில் வைத்துவிட்டு, டேங்க்கைப் பார்க்க பங்க்குக்குள் போனீர்கள். திரும்பி வந்தபோது பெட்டி நொறுங்கிக் கிடந்தது. டிரைவர் உடைந்த பல்லைப் பிடித்துக்கொண்டு இருந்தார். யார் செய்தது என்று கேட்டீர்கள். நான் பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன் மேடம். முதலாளியின் மைத்துனன் வீரணன். கடப்பாரையால் மூன்று போடு. மூன்றாவது போடு போடும்போது என்னைப் பார்த்துக்கொண்டே போட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்தான். கையில் டைப் செய்த பேப்பர். சோணைமுத்து குடித்துவிட்டு, மோட்டாருக்கு வைத்திருந்த பெட்ரோல் கேனைக் கிணற்றுக்குள் தவறவிட்டு, பீடியைப் பற்றவைத்தார் என்று இருந்தது. நான் நேரில் பார்த்த சாட்சி.

“அண்ணன் குடிக்கவே மாட்டாரே” என்றேன்.

வீரணன் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்து, அவள் கவுன் ஓரத்துப் பக்கத்தில் பிடித்து, டிக் என்றான். அணைத்தான். டிக் என்றான். பாப்பா சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு. “இன்னும்” என்றாள்.

“இந்தச் சந்துல தொவைக்கிற துணியெல்லாம் எந்தத் தண்ணியிலம்மா தொவைக்கிறீங்க?” என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். “சட்டுன்னு புடிச்சுக்குமோ என்னமோ.”

“போடு ஜெசி” என்றார் பெஸ்கி.

“பொய்ச் சாட்சி பாவங்க” என்றேன். அப்போதுதான் அவர் கை வீசியது. முன்பே சொன்னேனே. தலையில் தையலோடு இருக்கிற மனுஷன், வலியில் என்ன செய்கிறோம் என்று தெரிந்தா செய்வார்? கையெழுத்துப் போட்டேன். ரத்தம் பேப்பரில் விழாமல் முந்தானையால் பிடித்துக்கொண்டே போட்டேன். அதன் பிறகு பாதுகாப்பு என்று சொல்லி பெஸ்கியை முதலாளி தன் அரிசி மில்லுக்குக் கூட்டிப்போய்விட்டார். எதிலிருந்து பாதுகாப்பு என்று நான் கேட்கவில்லை.

முந்தாநாள் நீங்கள் மறுபடி வந்தபோது கிணற்றைச் சுற்றித் தடுப்புக் கட்டிவிட்டார்கள். ஆபத்து, கிட்டப் போகக்கூடாது என்று உங்களையே இன்ஸ்பெக்டர் தடுத்துவிட்டார். உங்கள் நம்பரையும் திண்டுக்கல் ஆபீஸ் விலாசத்தையும் எழுதிய காகிதத்தை என் கையில் வைத்து, ‘பேச முடியாவிட்டால் எழுதித் தாருங்கள்’ என்றீர்கள். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். எழுதுவதாக எனக்கு ஒரு எண்ணமும் இல்லை மேடம். இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் இல்லை.

சாயங்காலம் காளீஸ்வரி அக்கா வந்தாள். கையில் மடித்த பேப்பர். ஸ்டேஷனில் கொடுத்தார்களாம்.

“ஜெசி, இத வாசிச்சுச் சொல்லுடி. உன்ன விட்டா யாருகிட்டப் போவேன்?”

சந்துக்கு வருகிற பேப்பரையெல்லாம் நான்தான் வாசிப்பேன். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஹாஸ்டல் லெட்டர். பிரித்ததும் தெரிந்துவிட்டது, வீரணன் கொண்டுவந்த அதே பேப்பர். வேறு மாதிரி வாசித்தேன் மேடம். ‘இது ஒரு விபத்து, யார் மேலும் குற்றம் இல்லை, குடும்பத்துக்கு அனுதாபம்’ என்று என் வாய் தன்னால் சொன்னது. நிறுத்தி நிதானமாக, எழுத்தில் இருப்பதைப் போலவே சொன்னேன்.

அக்கா என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். “ரெண்டு பக்கம் நெறைய எழுதியிருக்கு. இம்புட்டுதான் இருக்கா?”

அதற்கு மேல் முடியவில்லை. உள்ளபடி வாசித்தேன். ‘மது அருந்திய நிலையில்’ என்ற இடத்தில், “யாரு?” என்றாள். “அண்ணன்” என்றேன். ‘பீடி’ என்ற இடத்தில் சிரித்தாள். சிரித்தாள் மேடம். “பீடி வாடை புடிக்காதுன்னு எங்கப்பனையே வாசலோட நிறுத்துன ஆளுடி” என்றாள்.

“இதெல்லாம் யாரு சொன்னதாப் போட்டிருக்கு?”

“நான்.”

எழுந்து போய்விட்டாள். கதவைத் தாழ் போடலாமா என்று யோசிப்பதற்குள் திரும்பி வந்தாள். கையில் சொம்பு. வெடிப்பதற்கு முதல் நாள் பிடித்து மூடி வைத்த குடம் ஒன்று அவள் வீட்டுக்குள் அப்படியே இருக்கிறது, அதிலிருந்து மொண்டு வந்திருந்தாள். என் இடுப்பிலிருந்து பாப்பாவை வாங்கினாள். பாப்பா அவளிடம் தாவிப் போவாள், எப்போதும் போவாள்.

“குடி” என்றாள்.

குடித்தேன். தொண்டை எரிந்தது.

“இன்னும் குடி. எங்களக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேல்ல? ஒனக்குக் காய்ச்ச வேண்டாம். குடி.”

குடித்தேன். பாதியில் குமட்டியது. சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள். அப்போது பாப்பா, “தண்ணி” என்று கையை நீட்டினாள். விளிம்பைப் பிடித்து வாய்க்கு இழுத்தாள். அக்கா கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சும்மா பிடித்திருந்தாள்.

நான் கத்தினேன். “வேண்டாங்க்கா! அது தீப்பிடிக்கிற தண்ணி!”

அக்கா சொம்பைத் தள்ளிப் பிடித்தாள்.

“தீப்பிடிக்கும்னு ஒனக்கு எப்பத் தெரியும்?”

எல்லோருக்கும் இப்போது தெரியும்தானே என்று சொல்லியிருக்கலாம். வெடித்த பிறகு யாருக்குத்தான் தெரியாது? அதைச் சொல்ல அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. வாய் முந்திக்கொண்டது.

“பங்குனியில.”

பாப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், தலையணையை அணை கொடுத்து வைத்தாள். அதன் பிறகு என் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்துக் கதவு நிலையில் மோதினாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சொம்பால் முதுகில் அடித்தாள். சொம்பு நசுங்கிவிட்டது. “பங்குனியில தெரியும். வைகாசியில மெழுகுவர்த்தி குடுத்த” என்றாள், ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னாள். நான் தடுக்கவில்லை. இவள் அடித்ததை மட்டும் ‘பட்டுவிட்டது’ என்று எழுத எனக்கு வரவில்லை. இவள் அடித்தாள். அடிக்க வேண்டும் என்று அடித்தாள். அப்படியென்றால் அவர் செய்ததும் அதுதானே?

பாப்பா வீறிட்ட பிறகு நிறுத்தினாள். உள்ளறைக்குப் போனாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த கேனைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதிலிருந்தே தம்ளரில் ஊற்றிப் பாப்பாவுக்குக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தத் தண்ணிக்கார அம்மாவுக்கு எழுது. எல்லாத்தையும் எழுது” என்றாள்.

பாப்பா தூங்கிய பிறகு எழுத உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது மேடம். ஒவ்வொரு வண்டி ரோட்டில் போகும்போதும் பேனா நின்றுவிடுகிறது. இதை நீங்கள் படித்தால் பெஸ்கி ஜெயிலுக்குப் போவார். போகாவிட்டால் வீட்டுக்கு வருவார். எது எனக்கு அதிகப் பயம் என்று இப்போது கேட்காதீர்கள். வீரணனுக்கு எங்கள் வீடு தெரியும். நான் எங்கே போவேன் என்று தெரியவில்லை. ஆனால் கிணற்றை மூடினாலும் டேங்க் அங்கேயேதான் இருக்கும், கம்பியில் நம்பர் நேற்று ராத்திரியும் சுருங்கியிருக்கும், பக்கத்துத் தெருவில் போர் போட்டிருக்கிற வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

தை முதல் வைகாசி வரை காலண்டர் தாள் ஐந்தும் இதோடு இருக்கிறது. ரெஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கைதான், நம்பர்தான் வேறு. அக்காவின் குடத்திலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடியிருக்கிறேன். வெடிப்பதற்கு முந்தைய தண்ணீர் இது ஒன்றுதான் மிச்சம். ஜேசிபி பத்து மணிக்கு வரும் என்றார்கள். அதற்குள் வந்துவிடுங்கள். தனியாக வராதீர்கள்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அரிவாள் வைத்திருக்கிறாள். வீரணன் வந்தால் அவனுக்கா, எழுதாவிட்டால் எனக்கா என்று நான் கேட்கவில்லை. முதல் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்கு வந்து அவளே உங்கள் கையில் இதைக் கொடுப்பாள். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இதற்கு முன்னால் இரண்டு தடவை எழுதி முடித்தேன். முதலில் எழுதியதில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தது நான் இல்லை. இரண்டாவதில் பெஸ்கிக்கு எதுவுமே தெரியாது. இரண்டு தடவையும் அவள், “எல்லாம் எழுதிட்டியா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். வாங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு தடவையும் நானாகத்தான் போய் திருப்பிக் கேட்டு வாங்கிக் கிழித்தேன்.

இது மூன்றாவது. இதைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஜெசிந்தா